தெற்கே சேர்ந்த மணல்

சென்னையின் பெருமைகளை எடுத்துரைக்கப் புகும் எவரும் முதலில் மெரினாக் கடற்கரையைச் சொல்லிவிட்டே மற்றவற்றுக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஆனால் அந்த விஸ்தாரமான மணற்பரப்பை இயற்கை மனமுவந்து அளித்த கொடை என்று கருதுகிறவர்கள், அதன் இன்றைய அகலத்துக்கு நூற்றைம்பது வயதுகூட நிறையவில்லை என்பதையும், அதை உண்டாக்கியது துறைமுகத்தின் கருங்கற்சுவரே என்பதையும், அந்தச் சுவர் தெற்கே வாரி வழங்கியதை வடக்கே பறித்துத்தான் வழங்கியது என்பதையும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1875ஆம் ஆண்டு டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய செயற்கைத் துறைமுகம், 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மறுபடியும் நிர்மாணிக்கப்பட்டு, அப்போதும் கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் வந்து அடைத்துக்கொண்டே இருந்தமையால், 1904இல் துறைமுகத் தலைமைப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி வடகிழக்கில் வேறொரு வாயிலைத் திறந்த பிறகே நிலைபெற்றது.

மணல் ஏன் அங்கே வந்து சேர்ந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்திசையிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் இந்த ஓட்டம் திசை திரும்பினாலும், ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே யாத்திரை போகிறது. அதன் குறுக்கே கற்சுவர் நீட்டப்பட்டதும் மணல் சுவரின் தென்புறத்தில் தங்கிவிட்டது. வடபுறத்தை அடைந்த அலைகளோ வெறுங்கையோடு வந்தன. கரையிலிருந்து எடுத்துச் செல்வதை மட்டும் அவை நிறுத்தவில்லை.

தெற்கே தங்கிய மணலின் ஓரத்தில் 1884இல் ஆளுநர் கிரான்ட் டஃப் உலாவுசாலை அமைத்து, சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக் கடற்கரையை நினைவுகூர்ந்து மெரினா என்று பெயரிட்டார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கிச் சேமிப்பதற்காக 1842இல் கடலோரமாகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸின் வாசலில் நின்று இன்று அலையைத் தேடுகிறவர், சாலையைக் கடந்து மணலில் கால் புதைய வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. அதே காலத்தில் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரையிலும், பின்னர் எண்ணூர்க் குப்பங்கள் வரையிலும், கடல் உள்ளே வந்தது, வீடுகள் விழுந்தன, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் குப்பங்கள் பின்வாங்கின. அதற்குச் செய்யப்பட்ட பரிகாரம் கல் கொட்டுவது. ஓரிடத்தில் கொட்டிய கல் அந்த இடத்தைக் காத்து அடுத்த குப்பத்துக்கு அரிப்பைத் தள்ளிவிட, அங்கும் கல் கொட்டி, பிறகு கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைக் கட்டி, இப்படியே வடக்கு நோக்கி நோயும் மருந்தும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சென்றிருக்கின்றன. தூண்டில் வளைவுகளின் இடுக்குகளில் சில இடங்களில் மணல் திரும்பவும் ஒதுங்கியிருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் செல்கிறவர் கடலுக்கும் தமக்கும் நடுவே பெரும்பாலும் காண்பது கருங்கற்குவியலையே. மறுபக்கம் திரும்பினால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை.

ஆகவே வட சென்னைக்குப் பொது இடங்கள் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், பின்தங்கிய பிரதேசத்துக்கு இரக்கத்தோடு வழங்கப்படும் உதவியைப் போல அதைப் பேசுகிற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நகரத்தின் தென்பாதி மாலைக்காற்று வாங்கும் இடம் வடபாதியின் கரையைக் கழித்து உண்டாயிருக்கிறது என்றால், வடபாதிக்குச் சேர வேண்டியதன் சரியான பெயர் கடன். கடனுக்கு அசலும் உண்டு, வட்டியும் உண்டு, கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் உண்டு.

இந்தப் பகுதி என்றும் இப்படியே இருந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது ராயபுரம் நிலையத்திலிருந்துதான். 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணாவின் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் நின்றதும், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தேறியதும் ராயபுரத்து ராபின்சன் பூங்காவில். தமிழ்நாட்டின் பிற்கால அரசியல் சரித்திரம் முழுவதையும் பாதித்த ஒரு கூட்டத்துக்கு வட சென்னையின் பூங்கா ஒன்று இடங்கொடுத்தது என்பதைப் பூங்காக்களை வெறும் அலங்காரமாகக் கருதும் அதிகாரிகளுக்கு நினைவூட்டலாம். திருவொற்றியூரிலோ தியாகராஜ சுவாமி கோயிலும், கடலைப் பார்த்தவாறு பட்டினத்தார் சமாதியும், திருவையாற்றிலிருந்து வந்த தியாகையர் வடிவுடையம்மன் மீது கீர்த்தனங்கள் இயற்றிய நினைவும் இருக்கின்றன. இன்னும் வடக்கே எண்ணூரைப் பற்றிச் சொன்னால் இக்காலத்து இளைஞர்கள் நம்ப மாட்டார்கள்: 1806இல் திறக்கப்பட்ட கால்வாய் வழியாகப் படகேறிச் சென்று, கழிமுகத்தின் கரையில் பங்களாக்களில் தங்கி, வெள்ளைக்காரத் துரைமார் ஓய்வெடுத்த உல்லாச ஸ்தலம் அது. அந்தக் கால்வாய்தான் பிறகு பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாயிற்று; அது இன்று இருக்கும் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

நகரமைப்பு என்ற சாஸ்திரம் இந்த ஊருக்குத் தாமதமாக வந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1914 செப்டம்பரில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்ததை இன்றும் கதையாகச் சொல்கிறோம். அடுத்த மாதம் அதே எம்டன் கடலில் மூழ்கடித்த கிளான் கிரான்ட் என்ற சரக்குக் கப்பலில், ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் சென்னையில் நடத்தவிருந்த நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் இருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. நண்பர்கள் உதவியால் புதிதாகச் சேகரித்தவற்றைக் கொண்டு 1915இல் செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது. 1918இல் கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னை நகரமைப்பைப் பற்றி நூலே எழுதினார். 1920இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. நகரத்தை இடித்துத் திருத்துவதைவிட, அங்கே வாழும் ஜனங்களின் பழக்கங்களை முதலில் நடந்து பார்த்து அறிந்து, சிறு சிகிச்சைகளால் சீர்செய்வதே உசிதம் என்று கெடிஸ் வற்புறுத்தினார். அவருடைய உபதேசத்தைப் போற்றியவர்கள் பலர். பின்பற்றியவர்கள் மிகச் சிலர்.

சுதந்திரத்துக்குப் பின் வட சென்னைக்கு வந்தது தொழில். திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள், எம்.ஆர்.எப். டயர். எண்ணூரில் அசோக் லேலண்டு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001 முதல் எண்ணூர்த் துறைமுகம். இவை லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஊதியத்தோடு தொழிற்சங்கமும், படிப்பும், சுயமரியாதையும் இங்கே வளர்ந்தன. ஆகையால் தொழிற்சாலைகளை வெறுமனே பழிப்பது நன்றிகெட்ட காரியமாகும். என் ஆட்சேபம் திட்ட வரைபடத்தைப் பற்றியது. ஓர் இடத்தைத் தொழில் மண்டலம் என்று ஒருமுறை நிறமிட்டுவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வோர் அபாயமான தொழிலுக்கும் அந்த நிறமே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. அந்த நிறத்துக்கு அடியில் குடியிருக்கும் குப்பங்களும் குடியிருப்புகளும் வரைபடத்தில் இருந்தும் இல்லாதவையாகின்றன.

இதற்கு 2011ஆம் ஆண்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எழும் நிலக்கரித் தூளும் இரும்புத்தாதுத் தூளும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை மக்களின் நுரையீரலில் படிவதைக் கண்டு, அந்தச் சரக்குகளை அங்கே கையாளலாகாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மிக நியாயமான உத்தரவு. ஆனால் நிலக்கரி போன இடம் எண்ணூர். வட சென்னையின் ஒரு முனைக்குக் கிடைத்த நிவாரணம் மறுமுனைக்குப் பாரமாக மாற்றப்பட்டது; இரண்டு முனைகளையும் ஒரே நகரமாகப் பார்த்து முடிவெடுக்க அப்போது ஒரு மேசை இருந்ததாகத் தோன்றவில்லை. அதே 2011இல்தான் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன என்பது சரித்திரத்தின் சிறு பரிகாசம்.

பூங்கா இல்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் யாரும் அதை அநீதி என்று சந்தேகிப்பதில்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ பெருங்கட்டடமோ அமைக்கிறவர், சாலை நீங்கலாக அதில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரையில் உள்ளவர்கள் நிலத்துக்குப் பதிலாகப் பணமும் கட்டலாம். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பத்திர அலுவலகங்களில் சொல்லப்படுவது இதுவே. நல்ல விதிதான். ஆனால் இது பலன் தருவது, வெற்று நிலமும் பெரிய முதலீடும் வந்து சேரும் பகுதிகளில் மட்டுமே. ஓட்டேரியிலும் காலடிப்பேட்டையிலும் ராயபுரத்துச் சந்துகளிலும் அரைக் கிரவுண்டு, கால் கிரவுண்டு மனைகளில் தலைமுறை தலைமுறையாக நெருங்கி வாழ்கிறவர்களுக்கு இவ்விதி ஒரு சாண் நிலத்தையும் கொண்டுவருவதில்லை. பழைய குடியிருப்புக்கு எங்கிருந்து இடம் வரும் என்று கேட்டால் திட்டத்தில் விடையில்லை. மற்ற பகுதிகளில் கட்டப்பட்ட பணத்தை இடமே இல்லாத வட்டங்களில் நிலம் வாங்கச் செலவிடலாமே என்று ஒரு யோசனை எளிதாகத் தோன்றுகிறது. எளிய யோசனைகளே காரியாலயங்களில் வெகுநாள் காத்திருப்பவை.

இருக்கிற இயற்கைத் திறந்தவெளியையும் நாம் எப்படி நடத்தினோம் என்று பார்க்கலாம். அடையாறு கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் மூடிக்கிடந்த 58 ஏக்கரை மீட்டு, நீர்த்தாவரங்களும் பறவைகளும் திரும்பி வரும்படி செய்து, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள், பாராட்டத்தக்க பணி. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் அதைவிடப் பன்மடங்கு விஸ்தாரமானது. இறாலும் நண்டும் கொடுத்துப் பல குப்பங்களை வாழவைத்தது. அதற்குக் கிடைத்ததோ அனல்மின் நிலையக் குழாய்களின் வெடிப்புகளிலிருந்து ஒழுகிய சாம்பல். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கரையோர வரைபடத்தில் காணப்பட்ட கழிமுகம், பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த வேறொரு வரைபடத்தில் காணப்படவில்லை என்று 2017இல் பெரும் சர்ச்சை எழுந்தது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றி ஈரநிலத்தைச் சீர்செய்யும்படி பணித்தது. அந்த வேலை முடிவதற்குள் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கழிமுகத்தின் படகுகளையும் வலைகளையும் மரங்களையும் கறுப்பாக்கியது. ஒரே நகரத்தில் ஒரு கழிமுகம் பூங்காவாகவும் மற்றொன்று வடிகாலாகவும் ஆனது புவியியலின் விதியால் அன்று. தெற்கே கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்கா எழுந்ததும், 2024இல் அதற்கு எதிர்ப்புறத்திலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா எழுந்ததும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கவை. சாலையின் இரு பக்கத்திலும் பூங்கா வைக்குமளவுக்கு நிலம் மிகுந்த நகரம் இது என்று வெளியூரார் வியக்கக்கூடும்.

அரசு இப்போது விழித்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் ஆயிரம் கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்டபோது நாலாயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. பணம் வந்திருக்கிறது, இனி எழும் கேள்வி அதைக் கொண்டு என்ன செய்வது என்பதே. கடற்கரை மேம்பாடு என்றவுடன் நம் பொறியாளர்களின் மனக்கண்ணில் தோன்றுவது செல்பி எடுக்கும் மேடை, வண்ணவிளக்கு, புல்தரை, கிரானைட் இருக்கை ஆகியவை. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், புல் கருகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வடக்குக் கரை ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கும் பொது இடம் என்பது இவர்களுக்குப் புலப்படுவதில்லை. அங்கே படகு ஏற்றுகிறார்கள், வலை பின்னுகிறார்கள், மீன் ஏலம் விடுகிறார்கள், கருவாடு காயவைக்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், திருவிழாவில் சாமியைக் கடலுக்குக் கொண்டுவருகிறார்கள். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையிலிருந்து நொச்சிக்குப்பத்து மீன் கடைகளை அகற்றும் உத்தரவு வந்தபோது எழுந்த கொந்தளிப்பு, உலாவுகிறவரின் கடற்கரைக்கும் உழைக்கிறவரின் கடற்கரைக்கும் நடுவே நாம் எத்தகைய சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் காட்டியது. அதே தவற்றைத் திருவொற்றியூருக்கு அலங்காரமாகக் கொண்டுபோக வேண்டாம். அங்கே வேண்டியவை நிழல் தரும் பூவரசும் புங்கமும், வலை பின்ன நிழற்கூரை, பெண்களுக்குக் கதவு தாழிடக்கூடிய கழிப்பறை, குடிநீர், லாரிகளுக்கு அஞ்சாமல் விரைவுச் சாலையைக் கடக்க வழி, இவ்வளவுதான். இதில் படம் எடுத்து விளம்பரம் செய்ய ஒன்றுமில்லை என்பதே இதன் குறை போலும்.

மூடப்பட்ட தொழிற்சாலை நிலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டபோது, கடலோரமாக அவ்வளவு பெரிய பொதுநிலம் வட சென்னைக்குத் திரும்பிக் கிடைக்கும் வாய்ப்பு முதல் தடவையாக உண்டாயிற்று. ஆனால் அங்கே 660 மெகாவாட் புதிய நிலையம் அமைக்கும் திட்டமே முன்வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் அதை வன்மையாக எதிர்த்தார்கள். ஜெர்மனியில் ரூர் நதிப் பிரதேசத்தின் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை, நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் இடித்துத் தள்ளாமல், உலைகளையும் குழாய்களையும் நிற்கவிட்டு, மாசுபட்ட மண்ணில் எது தாங்கும் எது தாங்காது என்று பிரித்துச் செடி வளரவிட்டுப் பொதுப் பூங்காவாக்கினார். தந்தையும் பாட்டனும் வேலை பார்த்த உலையின் உச்சியில் ஏறிப் பேரப்பிள்ளைகள் ஊரைப் பார்க்கிறார்கள். தொழிலாளியின் நினைவுக்கு அதைவிட நல்ல மண்டபம் கட்ட முடியுமா என்று தெரியவில்லை. எண்ணூருக்கு இதை யாரும் முயன்று பார்க்கவில்லை. அப்படி ஒரு வரைபடத்தை வரைந்து மக்கள் முன் வைத்தாவது பார்த்திருக்கலாம்.

இனி மணலுக்குத் திரும்புவோம். கடனின் அசல் அதுதான். சுவரால் நின்ற மணலை எடுத்துச் சுவரைத் தாண்டிக் கொடுப்பது கனவுக் காரியமன்று. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தில் தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபுறத்துக்கு இறைக்கும் ஏற்பாடு 2001 முதல் நடைபெறுகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்: துறைமுகத்தால் கரையை இழந்த புதுச்சேரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிஞர்கள் நீருக்கடியில் தடுப்பு அமைத்து, மணலையும் கொட்டி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல பத்தாண்டுகளுக்குப் பின் கடற்கரையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் அவர்கள் அதிக தூரம் பிரயாணம் செய்ய வேண்டியிராது.

செலவு யாருடையது என்ற கேள்விக்கும் இன்று முன்னைவிட எளிதாக விடை சொல்லலாம். 2020இல் சென்னைத் துறைமுகம், எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கிருந்த பங்குகள் அனைத்தையும் வாங்கிக்கொண்டது. ஆகவே வட சென்னைக் கரையின் தென்கோடியில் மணலை மறிக்கும் சுவரும் வடகோடியில் மறிக்கும் சுவரும் இப்போது ஒரே ஸ்தாபனத்தின் உடைமை. கப்பல் வழியைத் தூர்வாருவது அதன் நித்திய கடமைகளில் ஒன்று. தூர்வாரும் மணலில் தூய்மையானதைச் சோதித்துப் பிரித்து நடுவேயுள்ள கரைக்குச் சேர்க்க வேண்டும் என்பதை அதன் வருடாந்தர வரவு செலவில் ஒரு நிரந்தர இனமாக்கலாம். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவரும் மூன்றாவது திட்டத்தில், காசிமேடு முதல் எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கரையையும் கழிமுகத்தையும் தொழில் மண்டலத்திலிருந்து பிரித்து, மீன்பிடி உரிமைக்கு உட்பட்ட பொதுக்கரை என்று தனியாகக் குறிக்கும் ஒரு பத்தி இடம்பெற வேண்டும். அந்தப் பத்தியை எழுதும் மேசையில் துறைமுகத்தின் பொறியாளரோடு குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார வேண்டும். எந்த மாதம் எந்தக் கரையில் மணல் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்பதை அளவுகோல் இல்லாமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.